‘கேபிள் ரெடி’ தொலைக்காட்சிப் பெட்டி: படத்தில் குறையில்லை, வசதிகள்தாம் காலாவதி

அமெரிக்கச் சந்தைக்காக 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 50 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை இங்கே மதிப்பிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்து அதற்கென்ன மதிப்புரை என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: பழைய பொருள்களை இணையத்தில் விற்பவர்கள் இத்தகைய பெட்டிகளை இன்றும் விளம்பரம் செய்கிறார்கள், அப்படிச் செய்யும்போது தயாரிப்பு நிறுவனம் அன்றைக்கு அச்சிட்ட விவரக்குறிப்பை ஒரு வரி விடாமல் எடுத்துப் போடுகிறார்கள். ‘டிஜிட்டல் கேபிள் ரெடி’ (செட்-டாப் பாக்ஸ் இல்லாமலே டிஜிட்டல் கேபிளைப் பெற வல்லது), கேபிள்கார்டு (பூட்டிய கேபிள் சேனல்களைத் திறக்கும் அட்டை) செருகும் வசதி, இரட்டை ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி), படத்துக்குள் படம், திரையிலேயே நிகழ்ச்சி அட்டவணை என்று நீளும் அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. அந்த வசதிகள் அனைத்தும் பெட்டிக்குள் இருக்கின்றன, எதுவும் பழுதாகவும் இல்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றால் இன்று ஒரு பயனும் கிடையாது. கேபிள் வழியே வரும் சிக்னல் எப்படி இருக்க வேண்டும் என்று அரசு வகுத்த விதிகள் ஒவ்வொன்றாக மாற மாற, பெட்டியின் வசதிகளும் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1366 x 768 புள்ளிகள் கொண்ட திரை இன்றைய அளவுகோலில் குறைவுதான். இருந்தாலும் கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளிறவில்லை, வேகமாக நகரும் காட்சிகளில் இழுவை இல்லை. மின்சாரம் நிறையச் செலவாகும், எடை இரண்டு பேர் தூக்க வேண்டிய அளவு. ஒலி சுமார்.

இந்தப் பெட்டியைத் தனித்துக் காட்டியது அதன் ட்யூனர். வான்வழியே ஆன்டெனாவுக்கு வரும் டிஜிட்டல் ஒளிபரப்பும் கேபிளில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பும் அமெரிக்காவில் ஒரே முறையில் அனுப்பப்படுவதில்லை. வான்வழியில், தரவை அலையில் ஏற்றி அனுப்ப 8-விஎஸ்பி என்ற பண்பேற்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் அது நொடிக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிட் தரவைச் சுமக்கும். கேபிளில் இடையூறு குறைவு என்பதால் 256-க்வாம் என்ற அடர்த்தியான முறையைப் பயன்படுத்தி, அதே அகலத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது 38.8 மெகாபிட் வரை அனுப்புகிறார்கள். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும் வான்வழி டிஜிட்டல் ட்யூனர் இருந்தாக வேண்டும் என்ற விதி 2007 மார்ச் 1ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. க்வாம் ட்யூனருக்கு அத்தகைய கட்டாயம் இருக்கவில்லை. ஆயினும் கேபிள் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களைக் கவர்வதற்காகத் தயாரிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே தந்தார்கள்.

க்வாம் ட்யூனர் பயன்பட வேண்டுமென்றால் கேபிளில் வரும் சிக்னல் பூட்டப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு அன்று சட்டப் பாதுகாப்பு இருந்தது. 1992ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து, எஃப்.சி.சி. என்று அறியப்படும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 1994இல் ஒரு விதியை வகுத்தது. உள்ளூர் நிலையங்கள் அடங்கிய அடிப்படைத் தொகுப்பைக் கேபிள் நிறுவனங்கள் குறியாக்கம் செய்து பூட்டக் கூடாது என்பதே அது. சுவரிலிருந்து வரும் கேபிளை நேரே பெட்டியின் பின்புறம் திருகிவிட்டு, சேனல் தேடலை ஓடவிட்டால் போதும். உள்ளூர் நிலையங்கள் உயர்தெளிவில் கிடைத்தன. வாடகைக்குச் செட்-டாப் பாக்ஸ் தேவையில்லை, இரண்டாவது ரிமோட் தேவையில்லை. படுக்கையறையிலும் சமையலறையிலும் இருந்த கூடுதல் பெட்டிகளுக்குப் பல வீடுகளில் இதுவே ஏற்பாடு.

சிக்கல் இல்லாமலும் இல்லை. சேனல் எண்கள் விசித்திரமாக வரும், வான்வழியில் 4.1 என்று வரும் நிலையம் கேபிளில் 87.3 என்று வரும், சில வாரங்களில் சொல்லாமல் கொள்ளாமல் 92.11க்கு இடம்பெயர்ந்துவிடும். கேபிள் நிறுவனம் எண்களை மாற்றும்போதெல்லாம் தேடலைப் புதிதாக ஓட்ட வேண்டும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு: சில கேபிள் அமைப்புகளில் அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து வரவழைத்துப் பார்க்கும் படங்கள்கூடப் பூட்டப்படாமலே வந்ததால், அவர் எங்கே நிறுத்தினார், எங்கே பின்னோக்கி ஓட்டினார் என்பது முதற்கொண்டு ட்யூனரில் சிக்கும்.

2012 அக்டோபரில் எஃப்.சி.சி. அந்தப் பாதுகாப்பை நீக்கியது. முழுக்க டிஜிட்டலுக்கு மாறிவிட்ட கேபிள் அமைப்புகள் அடிப்படைத் தொகுப்பையும் குறியாக்கம் செய்யலாம் என்று ஆணை வந்தது. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்துக்கு 2010லேயே இந்தச் சலுகை தரப்பட்டிருந்தது. ஆணையம் சொன்ன காரணங்களைப் புறந்தள்ள முடியாது. சிக்னல் பூட்டியிருந்தால், இணைப்பு கொடுக்கவோ துண்டிக்கவோ ஊழியர் வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம், அலுவலகத்திலிருந்தே செய்துவிடலாம். கட்டணம் செலுத்தாமல் திருட்டு இணைப்பு எடுப்பதும் குறையும். அடிப்படைத் தொகுப்பு மட்டும் வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்களுக்கு இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு இலவசமாகக் கருவி தர வேண்டும் என்றும், மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி பெறுபவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் தர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார்கள். நிபந்தனைக்கு முடிவுத் தேதி இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அப்படி ஒரு தேதி இல்லை. இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் இலவசக் கருவிக்கு மாத வாடகை வரத் தொடங்கியது. முன்பு ஒரு காசும் இல்லாமல் தானே செய்துவந்த வேலைக்குத் தன் பெட்டியின் பக்கத்தில் இன்னொரு பெட்டியை வாடகைக்கு வைக்க வேண்டிய நிலை வந்தது என்பதுதான் இதில் என் மனத்தாங்கல்.

மாற்றம் எங்கள் வீட்டில் நிகழ்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. குறித்த நாளுக்குப் பிறகு தேடலை ஓட்டினால், பெட்டி சேனல்களைக் கண்டுபிடிக்கத்தான் செய்தது. பட்டியலில் எண்கள் வரிசையாக ஏறின. எதைத் திறந்தாலும் கறுப்புத் திரை, ஒலியும் இல்லை. ட்யூனர் சிக்னலைப் பிடிக்கிறது, அலைவரிசையைப் பிரிக்கிறது, தரவை எடுக்கிறது. திறவுகோல் மட்டும் அதனிடம் இல்லை. நிறுவனம் தந்த டிடிஏ என்னும் சின்ன மாற்றிக் கருவியின் தொடக்ககால மாதிரிகள் பழைய ஆன்டெனா இணைப்பு வழியே 3ஆம் எண் சேனலில் மட்டும் படத்தைக் கொடுக்கும், அதுவும் சாதாரணத் தெளிவில். நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்க வல்ல ட்யூனர் அதன் பிறகு 3ஆம் எண்ணிலேயே நிலைகொண்டது. உயர்தெளிவுத் திரையில் மங்கலான படம் ஓடியது.

அப்படியானால் கேபிள்கார்டு எதற்கு இருக்கிறது என்று விவரக்குறிப்பைப் படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனெனில் இந்தப் பெட்டியின் விலையை உயர்த்திய வசதிகளில் முதன்மையானது அது. கேபிள் பெட்டிகளைக் கடையிலும் வாங்க முடிய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் விரும்பியது; அதன்படி, திறவுகோல் வேலையைத் தனியே பிரித்து ஓர் அட்டையில் வைக்க வேண்டும் என்று 1998இல் எஃப்.சி.சி. பணித்தது. தயாரிப்பாளர்களும் கேபிள் நிறுவனங்களும் 2002 டிசம்பரில் உடன்பாடு கண்டார்கள், 2003இல் அது விதியானது. மடிக்கணினிகளில் அந்நாளில் செருகிய பிசிஎம்சிஐஏ அட்டையின் அதே அளவு. பெட்டியின் பின்புறம் அதற்கென ஒரு நீள்சதுரப் பிளவு, பக்கத்தில் வெளித்தள்ளும் பொத்தான். அட்டையைச் செருகினால் திரையில் மூன்று நீண்ட எண்கள் தோன்றும்: அட்டையின் எண், பெட்டியின் எண், இரண்டையும் இணைக்கும் தரவு எண். அவற்றைத் தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, மறுமுனையில் இருப்பவர் தட்டச்சு செய்து, திரும்ப வாசித்துக் காட்டி, சமிக்ஞை அனுப்புவார். ஓர் இலக்கம் பிசகினால் கட்டணச் சேனல்கள் திறக்கா.

திறந்த பிறகு கிடைத்த அனுபவம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரே ரிமோட், உடனுக்குடன் சேனல் மாற்றம், நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாத தெளிவு. இதை எழுதுவதற்குக் காரணம், கேபிள்கார்டு தொடக்கத்திலேயே உதவாத யோசனை என்று சிலர் இப்போது சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை என்பதே. அதன் குறை வேறிடத்தில் இருந்தது: அந்த உடன்பாடு ஒருவழிப் பெட்டிகளுக்கானது. பெட்டி கேட்கும், பேசாது. ஆகவே விரும்பிய படத்தை வரவழைத்துப் பார்க்க முடியாது, கேபிள் நிறுவனத்தின் அட்டவணையும் வராது. பிறகு கேபிள் நிறுவனங்கள், யாரேனும் கேட்டால் மட்டுமே ஒரு சேனலைத் தெருவுக்கு அனுப்பும் ‘ஸ்விட்ச்டு’ முறைக்கு மாறத் தொடங்கின. கேட்கத் தெரியாத பெட்டிக்கு அந்தச் சேனல் கிடைக்காது. பதிவுக் கருவிகள் வைத்திருந்தவர்களுக்காக யுஎஸ்பி வழியே இணையும் ட்யூனிங் அடாப்டர் என்ற துணைக் கருவி வந்தது. இந்தத் தலைமுறைத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு அந்த வழியும் இல்லை.

அதற்குப் பிந்தைய வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கேபிள் நிறுவனங்கள் தாங்கள் வாடகைக்குத் தரும் பெட்டிகளிலும் அதே அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தங்கள் பெட்டியும் அதே அட்டையை நம்பியிருந்தால் அதை ஒழுங்காக வைத்துக்கொள்வார்கள் என்பது அதன் உள்நோக்கம். அந்த ஏற்பாடு 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் 2015 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. அதற்கிடையே 2013 ஜனவரியில், 2003ஆம் ஆண்டு விதிகளை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. வழக்குத் தொடுத்தது ஒரு செயற்கைக்கோள் நிறுவனம் என்பது இதில் ஒரு வினோதம். 2020 செப்டம்பரில் எஃப்.சி.சி. எஞ்சியிருந்த கேபிள்கார்டு விதிகளையும் விலக்கிக்கொண்டது. அட்டை தர வேண்டும் என்ற கட்டாயம் அத்தோடு போயிற்று. பின்புறப் பிளவில் இப்போது தூசிதான் இருக்கிறது.

திரை அட்டவணையின் கதை இன்னும் எளியது, இன்னும் எரிச்சலூட்டுவது. ‘டிவி கைடு ஆன் ஸ்க்ரீன்’ என்ற பெயரில் பெட்டிக்குள்ளேயே பொதிந்திருந்த இந்த அட்டவணை மாதக் கட்டணம் இல்லாதது. நிகழ்ச்சித் தகவல்கள் ஒளிபரப்பு சிக்னலுக்குள்ளேயே ஒளிந்து வந்தன. அனலாக் காலத்தில், ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே திரையில் தெரியாத சில வரிகள் உண்டு. அவற்றில்தான் அந்தத் தகவல்களை வைத்து அனுப்பினார்கள். முழுத்திறன் நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12ஆம் தேதி நின்றபோது அந்த வரிகளும் நின்றன. டிஜிட்டல் சிக்னலிலும் தகவலைச் சேர்த்து அனுப்பினார்கள் என்றாலும், பழைய பெட்டிகள் அதைப் படிப்பதில் தடுமாறின. கேபிள் நிறுவனம் வழியில் அதை வடிகட்டிவிட்டால் எந்தப் பெட்டிக்கும் எதுவும் வந்துசேராது. 2013இல் சேவையே நிறுத்தப்பட்டது. ரிமோட்டில் உள்ள ‘கைடு’ பொத்தானை இப்போது அழுத்தினால் காலிக் கட்டங்கள் விரிகின்றன; ஒவ்வொரு கட்டத்திலும் ‘தகவல் இல்லை’ என்ற வாசகம்.

படத்துக்குள் படம் என்ற வசதிக்கு இரண்டு ட்யூனர்களும் பூட்டப்படாத சிக்னலும் வேண்டும். செட்-டாப் பாக்ஸ் ஓர் எச்டிஎம்ஐ கம்பியில் ஒரு சேனலைத்தான் அனுப்பும். ஆகவே இரண்டாவது படத்துக்கு வாய்ப்பில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேபிள் தொழில்நுட்பம் தொலைக்காட்சியின் எந்தெந்த வசதிகளைக் கெடுக்கக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிட்டிருக்கிறது: ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்வது, வெவ்வேறு சேனல்களில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது, மேம்பட்ட காட்சி வசதிகளைப் பயன்படுத்துவது. மக்கள் காசு கொடுத்து வாங்கிய வசதிகள் கேபிள் பெட்டியால் முடங்குகின்றன என்ற அதே புகாரைக் கேட்டுத்தான் அந்தச் சட்டம் பிறந்தது. சட்டம் இன்னும் ஏட்டில் இருக்க, அதன் கீழ் பிறந்த விதிகள்தாம் தளர்ந்தன.

எச்டிஎம்ஐக்கு மாறியதில் எவரும் எதிர்பாராத இழப்பு வசன வரிகளில் நேர்ந்தது. 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளில் வசன வரிகளைப் படித்துக் காட்டும் சுற்று இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயமாக்கியது. செவித்திறன் குறைந்தவர்களுக்கு அது பெரும் வரம். அந்தச் சுற்று இந்தப் பெட்டியிலும் நன்றாக இயங்குகிறது. எழுத்தளவு, நிறம், பின்னணிக் கட்டத்தின் அடர்த்தி எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் எச்டிஎம்ஐ கம்பியில் வசன வரித் தரவு வருவதில்லை. செட்-டாப் பாக்ஸ் வரிகளைப் படத்தின்மேல் வரைந்து, படமாகவே அனுப்ப வேண்டும். ஆதலால் தொலைக்காட்சி ரிமோட்டில் ‘சிசி’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கேபிள் ரிமோட்டை எடுத்து, பட்டியலுக்குள் போய், அமைப்புகளுக்குள் போய், அணுகல் வசதி என்ற உட்பிரிவைத் தேட வேண்டும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. குழந்தைகள் பார்க்கத் தகாத நிகழ்ச்சிகளைத் தடுக்கும் வி-சிப்புக்கும் இதே கதி: தரமதிப்பீட்டுத் தரவு பெட்டியை வந்தடையாதபோது அது எதையும் தடுப்பதில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டோம் என்று நம்பியிருக்கும் பெற்றோர் இதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

தயாரிப்பு நிறுவனத்தை இதில் எந்த அளவுக்குக் குறை சொல்லலாம்? பொருளில் குறையில்லை. அன்றைய விதிகளை நம்பி உழைத்திருக்கிறார்கள். சொல்லப்போனால் அவர்களும் ஏமாந்தவர்கள்தாம். விற்பனையில்தான் எனக்கு மாறுபாடு. திரை, ஒலி, இணைப்பு வாய்கள் ஆகியவை பெட்டிக்குச் சொந்தமானவை. அவை பெட்டி உள்ளவரை இருக்கும். க்வாம், கேபிள்கார்டு, அட்டவணை ஆகியவை வேறொருவர் தொடர்ந்து ஒத்துழைத்தால் மட்டுமே இருப்பவை. இந்த வேறுபாட்டை விவரக்குறிப்பு எங்கும் காட்டவில்லை. இரண்டு வகையும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில், ஒரே விலைக்குள் அச்சாகியிருக்கின்றன. கையேட்டின் உட்பக்கத்தில் ‘உங்கள் கேபிள் சேவையைப் பொறுத்து மாறலாம்’ என்று வந்த சிற்றெழுத்து வரியை எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பெட்டியை இன்று வாங்கலாமா என்றால், ஆன்டெனாவும் ஒரு ஸ்ட்ரீமிங் கருவியும் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு, மலிவாகக் கிடைத்தால், இன்னும் நல்ல திரை. கேபிள் வைத்திருப்பவர்கள் அதை வெறும் திரையாகவே கணக்கிட்டு விலை பேச வேண்டும். ட்யூனருக்கும் அட்டைப் பிளவுக்கும் ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். எச்டிஎம்ஐ வாய்கள் எத்தனை, அவை ஒவ்வொன்றும் வேலை செய்கின்றனவா என்பதை விற்பவரின் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், ஏனெனில் இனி எல்லாமே அதன் வழியேதான் வரும்.

வான்வழி ட்யூனர் ஒன்றுதான் வாக்களித்தபடி இன்றும் உழைக்கிறது. அதற்கும் கெடு நெருங்குகிறது. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையை நிலையங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்று 2017இல் எஃப்.சி.சி. அனுமதித்தது; பழைய பெட்டிகளால் அதைப் படிக்க முடியாது, பல நிலையங்கள் அதையும் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. பழைய முறையை நிறுத்த நாள் குறிக்கும்படி ஒளிபரப்பாளர்களின் தேசியச் சங்கம் 2025இல் எஃப்.சி.சி.யிடம் மனு கொடுத்திருக்கிறது. பெரிய 55 சந்தைகளுக்கு 2028 பிப்ரவரி, மற்றவற்றுக்கு 2030 பிப்ரவரி என்பது அவர்கள் கேட்டிருக்கும் கெடு. ஆன்டெனாவை நம்பி இந்தப் பெட்டியை வாங்குபவர்கள் விலை பேசும்போது அந்தத் தேதிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.